பண்டம் வந்து சேர்ந்துவிட்டது, பக்குவம் வரவேண்டும்

வருங்காலத்தில் வீட்டுச் சமையலறைகள் உலகத்தின் பல நாட்டுச் சமையல்களை ஒன்று சேர்க்குமா, சேர்க்குமானால் எப்படி என்பது கேள்வி. சேர்க்கும் என்பதுதான் என் பதில். ஆனால் பலரும் நினைக்கிற மாதிரி இல்லை.

ஒரே தட்டில் பாதி ஜப்பான், பாதி மெக்சிகோ என்று அடுக்கி வைப்பது உணவகங்களின் வேலை. அங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும், விலைப்பட்டியலில் ஒரு வரி வேண்டும், படம் எடுக்க அழகு வேண்டும். வீட்டில் இவை எதுவும் தேவையில்லை. அலமாரியில் புதிதாக ஒரு புட்டி வந்து உட்காரும். முதல் மாதம் வீட்டார் அதை முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆறாவது மாதம் "என்னமோ குறையுது, அதுல ரெண்டு சொட்டு விடு" என்று அவர்களே சொல்வார்கள். அது எந்த நாட்டுப் புட்டி என்ற பேச்சே அதற்குள் போயிருக்கும். வருங்காலக் கலப்பில் பெரும்பகுதி இப்படிப் பெயரில்லாமல்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். அப்படி நடக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பண்டம் மட்டும் வருகிறதா, கூடவே அதன் பக்குவமும் வருகிறதா?

இது ஏதோ ருசி சம்பந்தப்பட்ட நுணுக்கம் மட்டும் என்று நினைத்தால், மக்காச்சோளத்தின் கதையைப் பார்க்கலாம். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைக்க மாட்டார்கள். சுண்ணாம்பு கலந்த நீரில் கொதிக்கவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். மணியின் தோல் வழுவழுத்துக் கழன்றுவிடும். அதன் பிறகுதான் அரைப்பது. நிக்ஸ்டமல் என்று அதற்குப் பெயர். இப்படி அரைத்த மாவு உதிராமல் ஒட்டும், மெல்லிசாகத் தட்டிச் சுடலாம். சாதாரண மக்காச்சோள மாவை நீர் விட்டுப் பிசைந்து தட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் விரிந்து பிளக்கும். ஆனால் பெரிய லாபம் கண்ணுக்குத் தெரியாதது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின், உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்புதான் அதை விடுவிக்கிறது.

1492க்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. விளைச்சல் நிறைய, விலை மலிவு என்று ஏழைகள் அதையே நம்பிப் பிழைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வடக்கு இத்தாலியிலும் பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெடிக்கும், வயிறு கெடும், புத்தி பேதலிக்கும், கடைசியில் ஆளையே கொண்டுபோகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே கதை. இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டில் உள்ள குறை என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் காட்டினார். அந்தக் குறை நியாசின்தான் என்பது 1937க்குப் பிறகே தெளிவானது. மெக்சிகோவின் பெண்கள் அதற்கு மூவாயிரம் ஆண்டு முன்பிருந்தே வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார்கள். காரணம் அவர்களுக்கும் தெரியாது, ஆனால் விட்டுவிடக் கூடாது என்பது தெரிந்திருந்தது. மக்காச்சோளத்தைக் கப்பலில் ஏற்றியவர்கள் அவர்களைக் கேட்டிருக்கலாம்.

சரி, கலப்புக்கு ஏன் வீட்டு அடுப்படியைச் சொல்கிறேன்? இல்லாமைதான் காரணம். 2024இல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் சுமார் 30 கோடி பேர் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு. அவர்களில் ஒவ்வொரு வீட்டிலும் வாரத்தில் ஒரு நாளாவது "இது கிடைக்கல, அதுக்குப் பதிலா என்ன போடலாம்" என்ற கேள்வி வரும். பெருவில் 1849 முதல் கூலி வேலைக்குப் போன சீனர்கள் தங்கள் இரும்புச் சட்டியையும் சோயா சாஸையும் விடவில்லை. ஆனால் சட்டியில் விழுந்ததெல்லாம் அந்த ஊர் மாட்டிறைச்சி, அந்த ஊர் மிளகாய், அந்த ஊர் உருளைக்கிழங்கு. அதிலிருந்து வந்த லோமோ சால்ட்டாடோவை இன்று பெருக்காரர்கள் தங்கள் தேசியச் சாப்பாடாகவே நினைக்கிறார்கள். வறுத்த உருளைக்கிழங்கும் சோறும் ஒரே தட்டில் இருக்கும், யாருக்கும் அது விசித்திரமாகப் படுவதில்லை. மெக்சிகோவின் புவெப்லாவில் குடியேறிய மத்தியக் கிழக்கு மக்களின் கம்பியில் சுழற்றிச் சுடும் இறைச்சியும் இப்படித்தான் ஆள் மாறியது. ஆட்டிறைச்சி இருந்த இடத்தில் பன்றி இறைச்சி வந்தது, ரொட்டிக்குப் பதில் டார்ட்டியா என்ற மக்காச்சோள அப்பம் வந்தது, கம்பி மட்டும் அப்படியே நின்றது. இந்த இரண்டு கதையிலும் பண்டத்தை விட்டுக்கொடுத்தார்கள், பக்குவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நிலைத்து நின்ற கலப்புகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான் வழி.

இன்னொரு காரணம், வேறு வேறு ஊர்க்காரர்கள் கல்யாணம் செய்துகொள்வது. இரண்டு நாக்கு ஒரே பானையில் இருந்து சாப்பிட வேண்டும். அப்போது சமரசம் பானைக்குள் நடப்பதைவிட மேஜையில்தான் அதிகம் நடக்கிறது. எலும்பும் காய்கறியும் போட்ட ஒரு சூப்பைக் காரமில்லாமல், புளிப்பில்லாமல் வைத்துவிட்டு, ஒருவர் மிளகாய் எண்ணெய் விட்டுக்கொள்கிறார், ஒருவர் எலுமிச்சை பிழிகிறார், பிள்ளை சீஸ் துருவிக்கொள்கிறது. ஒரு பானையில் மூன்று நாடு. இந்த வழக்கம் இனி நிறையப் பரவும். சமைப்பவருக்கு வேலை மிச்சம் என்பதே அதற்குப் போதுமான காரணம்.

எந்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருங்காலச் சமையலறை என்றாலே பேசும் குளிர்பெட்டி, தானே கிளறும் சட்டி என்று படம் போடுகிறார்கள். எனக்கு அதைவிட 1955இல் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சாரச் சோற்றுப் பானை முக்கியமாகப் படுகிறது. அதை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி. ஆனால் அளவுகளை மாற்றி மாற்றிச் சோறாக்கி, சூட்டை அளந்து குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவி ஃபுமிக்கோ. வழி எளிமையானது. பானைக்கு வெளியே இன்னொரு பானை, அதில் கொஞ்சம் தண்ணீர். சுமார் 20 நிமிடத்தில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது; வற்றியதும் விறுவிறுவென்று ஏறும். ஏறியதும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். சோறு எப்போது வெந்தது என்று காதால் கேட்டு, மூக்கால் முகர்ந்து, பானையைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த ஒரு கைப்பக்குவத்தை ஒரு தகட்டுக்குள் வைத்துவிட்டார்கள். அதனால்தான் சோறாக்கியே பழக்கமில்லாத நாடுகளிலும் இன்று பதம் தவறாமல் சோறு வருகிறது. அப்புறம் அதே பானையில் கஞ்சி, கேக், அவியல் எல்லாம் செய்யத் தொடங்கினார்கள். 

ஆக, எந்திரம் ஒரு பக்குவத்தைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போகும். ஆனால் எல்லாப் பக்குவத்தையும் தூக்காது. தீயில் நேராகக் காட்டித் தோல் கருக்க வேண்டிய மிளகாய்க்கு இண்டக்‌ஷன் அடுப்பு உதவாது. குழிந்த சீனச் சட்டியைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்தால் அடிப்பாகம் மட்டும் சுடும், பக்கங்கள் சும்மா நிற்கும். பொத்தானில் இல்லாத பக்குவம் மெல்ல மறக்கப்படும் என்பது என் கவலை. அதோடு இன்னொன்று: உலகத்தில் சுமார் 200 கோடி பேர் இன்னும் விறகு, கரி, சாணம் போன்ற புகையும் அடுப்பில்தான் சமைக்கிறார்கள். அறிவார்ந்த சமையலறை என்று பேசும்போது இவர்களையும் சேர்த்துத்தான் 'உலகம்' என்று சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது நொதிக்கவைக்கும் கலைதான். ஒரு கிலோ முட்டைக்கோஸை மெல்லியதாக நறுக்கி, 20 கிராம் உப்பைப் போட்டுக் கையால் பிசையுங்கள். முதலில் விறைத்துக்கொண்டு நிற்கும். ஐந்து பத்து நிமிடத்தில் துவண்டு, தன் நீரைத் தானே விடும். அந்த நீருக்குள் மூழ்கும்படி ஜாடியில் அழுத்தி வைத்தால் சில நாளில் குமிழி வரும், வாரம் போகப் போகப் புளிக்கும். ஜெர்மனியில் இது சாவர்கிராட். கொரியாவின் கிம்ச்சியில் உப்பு நீரில் ஊறவைப்பது, மிளகாய் விழுது பூசுவது என்று வழி வேறு, ஆனால் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் நெருங்கிய உறவு. இந்தக் கணக்கு ஒருமுறை கைவந்துவிட்டால் எந்த ஊர்க் காயையும் எந்த ஊர் மசாலாவையும் வைத்து விளையாடலாம். அதேபோல ஜப்பானியர் சோயா சாஸ், மிசோ என்ற விழுது, சாக்கே என்ற மது எல்லாவற்றுக்கும் ஆதாரமாக வைத்திருக்கும் கோஜி என்ற பூஞ்சை. வெந்த அரிசியில் தூவி, சுமார் 30 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் வெள்ளைப் பஞ்சு போர்த்தி நிற்கும். மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைப்பது அதன் வேலை. அதற்குச் சோயா மொச்சைதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கொண்டைக்கடலையில் மிசோ போடுகிறார்கள், மிச்சமான ரொட்டியில்கூடப் போடுகிறார்கள்.

1908இல் கிக்குனே இக்கேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டுபிடித்தார். பழுத்த தக்காளி, பார்மசான் சீஸ், மீன் சாஸ், சோயா சாஸ் எல்லாவற்றிலும் இருப்பது அதே சரக்குதான். தக்காளி சாஸ் கொதிக்கும்போது அரை ஸ்பூன் மீன் சாஸ் விட்டுப் பாருங்கள். மீன் வாசனை தெரியாது, தக்காளிதான் இன்னும் தக்காளியாக இருக்கும். இத்தாலியர் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய ரோமானியர்கள் மீனையும் உப்பையும் ஊறவைத்து வடித்த காரும் என்ற சாற்றை எதற்கெடுத்தாலும் ஊற்றியவர்கள்தான். அமால்ஃபி கடற்கரையின் செட்டாரா ஊரில் நெத்திலியில் இருந்து இன்றும் அதுபோன்ற ஒரு சாறு எடுக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நொதித்தலில் துணிச்சல் நல்லது, அசட்டுத் துணிச்சல் கூடாது. புளிப்பு போதுமான அளவு ஏறினால்தான், அதாவது பிஎச் அளவு 4.6க்குக் கீழே போனால்தான், உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்குகிற போட்டுலிசம் கிருமி வளராது. எண்ணெயில் பச்சைப் பூண்டைப் போட்டு வெளியிலேயே வாரக்கணக்கில் வைப்பது ஆபத்து. எந்த நாட்டுக் குறிப்பில் படித்திருந்தாலும் சரி, அதைச் செய்யாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, 56,498 சமையல் குறிப்புகளை எடுத்து, எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்கிறது என்று பார்த்தது. வட அமெரிக்க, மேற்கு ஐரோப்பியச் சமையல்களில் ஒரே மாதிரி மணச் சேர்மங்கள் உள்ள பொருள்கள் ஒன்றுசேர்ந்தன. கிழக்கு ஆசியச் சமையல் அப்படிப்பட்ட ஜோடிகளைத் தவிர்த்தது. ஆக, எது எதோடு பொருந்தும் என்பதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே சூத்திரம் கிடையாது. எந்திரம் ஒன்றைப் பழக்கி எல்லாருக்கும் ஒரே பதில் வாங்கினால் அது யாரோ ஒருவருடைய நாக்கின் பதிலாகத்தான் இருக்கும்.

ஆனாலும் மாற்றுப்பொருள் சொல்வதில் செயற்கை நுண்ணறிவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது. வீட்டில் இருப்பது இவை, செய்ய நினைப்பது இது, பால் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் உருப்படியான யோசனை வரும். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. எழுதிவைத்ததில் இருந்துதான் அது கற்றுக்கொள்கிறது. உலகத்தின் வீட்டுச் சமையலில் பெரும்பகுதி எழுதப்பட்டதே இல்லை. பாட்டிகளிடம் அளவு கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. உப்பு ஜாடியையும் மசாலா டப்பாவையும் எண்ணெய்ப் புட்டியையும் சமைப்பதற்கு முன்னால் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வழக்கம்போல அள்ளிப் போடட்டும், குறுக்கே பேசாதீர்கள். முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் அளவு. இரண்டு மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால் நம்பலாம். கூடவே போனில் படம் பிடித்துக்கொண்டால் கையின் வேகமும் தீயின் அளவும் கிடைத்துவிடும். உலகச் சமையல்கள் ஒன்றுசேர வேண்டும் என்றால் ஒவ்வொரு வீடும் தன் பங்காக எதையாவது கொண்டுவர வேண்டுமே!

இனி கசப்பான பக்கம். சமையல்கள் ஒன்றுசேர்வதும் ஒரே மாதிரி ஆகிவிடுவதும் வேறு வேறு. 2014இல் வந்த ஓர் ஆய்வு, 1961 முதல் 2009 வரை 150க்கும் மேற்பட்ட நாடுகளின் உணவு வரவைக் கணக்கெடுத்தது. அந்த அரை நூற்றாண்டில் நாடுகளின் உணவுப் பொருள்கள் ஒன்றுக்கொன்று 36 சதவீதம் நெருங்கிவிட்டன. கோதுமை, சோயா, பனை எண்ணெய், சூரியகாந்தி எல்லா இடத்திலும் ஏறின. சிறுதானியங்கள், வெள்ளைச் சோளம், மரவள்ளி, சர்க்கரைவள்ளி பின்வாங்கின. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் வகை கூடியிருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது என்னென்னமோ கிடைக்கிறது என்று எல்லாரும் சொல்வது உண்மைதான். எல்லார் வீட்டிலும் அதே என்னென்னமோ கிடைக்கிறது என்பதும் உண்மை. இனிப்பும் காரமும் கலந்த ஒரு சிவப்புச் சாஸை எல்லாவற்றின் மேலும் ஊற்றிவிட்டு உலகச் சமையல் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புட்டி மட்டும் வந்து பக்குவம் வராததன் இன்றைய வடிவம் இதுதான்.

யாருடைய சாப்பாடு இது என்ற சண்டையைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. 2020இல் கூஸ்கூஸ் என்ற கோதுமை ரவை உணவுக்கு யுனெஸ்கோ அங்கீகாரத்தை அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா, மௌரிடானியா நான்கும் சேர்ந்தே வாங்கின. அது நல்ல முன்மாதிரி. அன்னாசி போட்ட 'ஹவாய்' பீட்சாவை 1962இல் செய்தவர் கனடாவில் குடியேறிய ஒரு கிரேக்கர். ஹவாய்க்காரர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. வீட்டில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். விற்கும்போதும் ஊருக்குச் சொல்லும்போதும் யாரிடம் கற்றோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

விருந்தாளி வந்தால் இன்னும் ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டியிருக்கும். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். மீன் சாஸ் சைவமில்லை. எள் ஒவ்வாமை சிலருக்கு உயிர்போகும் விஷயம். அமெரிக்காவில் 2023 முதல் பொட்டலத்தில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டுக் கலப்பில் பொட்டலமும் இல்லை, அச்சிட்ட பட்டியலும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், புட்டி வாங்குவதில் இருந்து தொடங்காதீர்கள். ஒரு நாட்டின் ஒரே ஒரு பக்குவத்தை எடுத்துக்கொண்டு சில மாதம் விடாமல் செய்யுங்கள். எத்தியோப்பியாவில் குழம்புக்கு வெங்காயத்தை முதலில் எண்ணெயே இல்லாமல் மெல்லிய தீயில் வதக்குவார்கள். பொடியாக நறுக்கி, அடிக்கடி கிளறி, ஒட்டினால் ஒரு கை தண்ணீர் தெளித்து, நீரெல்லாம் சுண்டி இனிப்பேறி விழுதாக ஆன பிறகுதான் கொழுப்பும் மசாலாவும் விழும். இது கைவந்தால் நீங்கள் வழக்கமாக வைக்கும் எந்தக் குழம்பும் திக்காகும். அல்லது சீனர்கள் இறைச்சித் துண்டுகளை முட்டை வெள்ளைக்கருவிலும் சோள மாவிலும் புரட்டி, இளஞ்சூட்டில் ஒரு முறை காட்டி எடுத்துவிட்டு அப்புறம் வறுப்பது. அல்லது இத்தாலியர் பாஸ்தா வெந்த மாவுத் தண்ணீரையும் எண்ணெயையும் சட்டியில் குலுக்கிக் குலுக்கிப் பால்போல் ஒன்றாக்குவது. மூன்றுக்கும் புதிய புட்டி ஒன்றுகூட வாங்கத் தேவையில்லை.

இதெல்லாம் நடக்க எவ்வளவு காலம் ஆகும்? தக்காளி 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. நேபிள்ஸில் அச்சான ஒரு சமையல் நூலில் தக்காளிச் சாஸ் இடம்பெற்றது 1690களில், அதுவும் ஸ்பானிய முறை என்ற பெயரோடு. பாஸ்தாவும் தக்காளியும் பிரிக்க முடியாத ஜோடியானது 19ஆம் நூற்றாண்டில்தான். இப்போது பொருள் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது, செய்முறைக் காணொளி அன்று மாலையே கிடைக்கிறது. கை பழகுவதற்கு மட்டும் குறுக்குவழி வரவில்லை. அதனால் பத்து வருடத்தில் எல்லாம் மாறிவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தலைமுறை பிடிக்கும். இன்று வீட்டில் முட்டைக்கோஸ் பிசையக் கூட உட்காரும் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்ச் சமைக்கத் தொடங்கும்போதுதான் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும்.